சூடு காத்துக் குழாய்

கோய்வுலா
24 அக்டோபர் 1993

ஓலவி,

சௌக்கியமான்னு கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனசு வரல. போன் பண்ணினா உங்க தொழிலாளர் விடுதியில எவனோ எடுக்கறான், "ஓலவி ஷிஃப்ட்ல இருக்கான்"ங்கறான். அஞ்சு நாளா நீ ஷிஃப்ட்லயே இருக்கியாம். ஸ்வீடன்ல இருக்கற உமேயோ என்ன நிலாவுலயா இருக்கு? வாசாவுல கப்பல் ஏறினா நாலு மணி நேரம். ஆனா நீ போன வேகத்தப் பாத்தா உலகத்தோட அந்தக் கோடிக்கே ஓடிட்ட மாதிரி இருக்கு.

கார் பந்தயத்துல நடந்தத நீயும் பாத்த. மறுநாள் விடியறதுக்குள்ள கிளம்பிட்டதால மிச்சத்த நான் சொல்றேன். கொடி பிடிச்சு நின்ன பென்ட்டி இன்னும் கண்ணத் திறக்கல. என் பொண்ணு ஓட்டின வண்டி ரெண்டாவது வளைவுல திரும்பாம நேரா அவர் மேல போனத ஊரே பாத்துது. "கால எடுத்துட்டேம்மா, பிரேக்க மிதிச்சேன், எஞ்சின் சத்தம் குறையல, மெயின் சுவிட்ச்சுக்குக் கை போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு"ன்னு விர்பி அன்னைக்கே சொன்னா. போலீஸ் வண்டிய ரெண்டு நாள் வச்சுப் பாத்தாங்க. ஆக்ஸிலேட்டர அழுத்தினா இறங்குது, விட்டா மேல வருது. வண்டியில ஒரு குறையும் இல்லன்னு எழுதிட்டாங்க.

குறை வண்டியில இல்லன்னா என் பொண்ணு மேலன்னு ஆகுது, புரியுதா? பென்ட்டி மகன் இஸ்மோ ஆகஸ்ட்ல விர்பியோட நடந்த நிச்சயத்த முறிச்சு மோதிரத்தத் திருப்பி வாங்கிட்டுப் போனான். அதுக்கு அடுத்த பந்தயத்துல, சாசேஜ் கடை வாசல்ல, பென்ட்டி ஏதோ கேலி பேச, இவ வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, "உங்க வீட்டு ஆளு எவனும் என் வண்டி முன்னால வந்து நிக்காதீங்க, சொல்லிட்டேன்"னு கத்தியிருக்கா. அப்ப சிரிச்சவங்க எல்லாம் இப்ப போலீஸ்ல சாட்சி சொல்றாங்க. உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா?

வண்டியும் போச்சு. எவன் கேட்டாலும் ஒரே விலைக்கு வண்டிய வித்தே ஆகணும்ங்கற நம்ம பந்தயச் சட்டம் உனக்குத் தெரியாததா. கடைசி ஓட்டத்துக்கு முன்னாடியே அஞ்சு பேர் கேட்டுச் சீட்டுப் போட்டிருந்தாங்களாம். போலீஸ் வண்டிய விட்டதும் குலுக்கினாங்க, ஹார்யு பக்கத்துத் தௌனோ பேர் விழுந்துச்சு. மனுஷன் சாகக் கிடக்கறப்பவும் சட்டம் சட்டம்தானாம்.

நவம்பர் 25 விசாரணை. ஓலவி, அந்த எஞ்சின்ல உன் கை படாத நட்டு ஒண்ணு கிடையாது. ஏதாவது ஒண்ணு தப்பாப் போயிருக்குமா? உனக்குத் தோணறத எழுது. விர்பி சாப்பிடறதில்ல.

ரைலி


உமேயோ
29 அக்டோபர்

அக்கா,

கோவிச்சுக்காத. நிஜமாவே ஷிஃப்ட்தான். லாரிக்கு டிரைவர் உக்கார்ற முன்பக்கக் கூடு செய்யற ஃபேக்டரி, நாள் முழுக்கக் கதவு மாட்டறேன். ஒரே கதவு. நம்ம ஊர்ல கரடி வந்து நின்னாக்கூட இப்ப அதுக்கும் கதவு மாட்டிடுவேன்.

வண்டியப் பத்திக் கேட்டிருந்த. எஞ்சின் நல்ல எஞ்சின். நான் பெருசா ஒண்ணும் பண்ணல. காத்து வர்ற வழியத்தான் கொஞ்சம் சரி பண்ணினேன். பானட்டுக்குள்ள இருக்கற காத்து சூடு. சூடு காத்து லேசு, சிலிண்டருக்குள்ள குறைச்சலாத்தான் போகும். வெளியில இருக்கற குளிர் காத்து கனமானது. அத இழுக்க விட்டா, அதுக்குத் தகுந்த பெட்ரோலும் எரியும், வண்டி பாயும். அதனாலதான் இடது ஹெட்லைட்டக் கழட்டின ஓட்டையிலேர்ந்து ஏர் ஃபில்ட்டருக்கு ஒரு நீளக் குழாய் போட்டேன். இத எல்லாருமே செய்வாங்க, திருட்டு வேலை இல்ல.

ஈரமான நாள்ல உள்ள ஐஸ் கட்டுமேன்னு கேப்ப. அதுக்குத்தான் சைலன்சர் குழாய் எஞ்சின்ல சேர்ற இடத்துலேர்ந்து சூடு காத்து எடுக்கற இன்னொரு குழாய் இருக்கு. ஃபில்ட்டர் மேல ஒரு லீவர், ஒரு பக்கம் கோடை, ஒரு பக்கம் குளிர்காலம். குளிர்காலத்துல வச்சா சூடு காத்தும் சேந்து வரும். லீவர் அன்னைக்குக் குளிர்காலத்துலதான் இருந்துச்சு. போலீஸ்காரனே அப்படித்தான் எழுதியிருப்பான், பாத்துக்கோ. ஆக வண்டியில ஒண்ணும் இல்ல.

பூட்ஸ்ல சேறு இருந்து கால் வழுக்கிடுச்சுன்னு சொல்லச் சொல்லு. ஜட்ஜும் வண்டி ஓட்டறவர்தானே, நம்புவாரு. பென்ட்டி பொழச்சுடுவாரு, உடம்பு கட்டை மாதிரி. பொண்ணப் பாலாவது குடிக்கச் சொல்லு.

ஓலவி


கோய்வுலா
3 நவம்பர்

ஓலவி,

பென்ட்டி நேத்துச் செத்துட்டாரு.

ரொட்டிக் கடையில செய்தி கேட்டேன். கடைக்காரி எனக்குச் சில்லறை குடுக்கறப்ப நான் நீட்டின கையில குடுக்காம மேஜையில வச்சுட்டு உள்ள போயிட்டா. முப்பது வருஷப் பழக்கம். வழக்கு இப்ப கொலை வழக்கா ஆயிடும்ங்கறாங்க. வேணும்னே மேல ஏத்தினான்னு ருசுவாச்சுன்னா பத்து வருஷமாவது போகும்னு வக்கீல் சொல்றாரு. இருபத்தோரு வயசுப் பொண்ணுக்குப் பத்து வருஷம்.

நீ எழுதினத மூணு தடவை படிச்சேன். நான் பள்ளிக்கூடத்துல சமைக்கறவ, எனக்கு எஞ்சின் தெரியாது. ஆனா உன்னத் தெரியும். நான் ஐஸப் பத்திக் கேக்கவே இல்லையே, ஓலவி. கேக்காத கேள்விக்கு நீ ஏன் ஒரு பத்தி பதில் எழுதற? நீ சின்ன வயசுல கிராம்பு மிட்டாய் திருடித் தின்னுட்டு "நான் அலமாரிப் பக்கமே போகல"ன்னு முன்னாடியே வந்து சொல்லுவ. அந்த மாதிரி இருக்கு.

விர்பி என்ன பண்றா தெரியுமா? சமையலறை நாற்காலியில உக்காந்து வலது கால எடுத்து எடுத்து வைக்கறா. தரைய அழுத்தறா, தூக்கறா. நாள் முழுக்க. நேத்து என்னப் பாத்து, "கால எடுத்த மாதிரி நினைவு இருக்கும்மா, ஆனா எடுக்கலையோ என்னவோ. எனக்கு அவங்க மேல அவ்வளவு கோவம் இருந்துச்சு இல்ல"ங்கறா.

"ஏன்டி, வண்டியில ஏதாவது கோளாறா இருக்கலாம்ல?"ன்னேன்.

"மாமா வண்டியில கோளாறு இருக்காதும்மா. அன்னைக்குக் காலையில நானே கேட்டேன், எல்லாம் சரியா இருக்குன்னாரு. அப்ப தப்பு என் கால்ல தானே?"

கோர்ட்ல போய் நான்தான் அழுத்தினேன்னு சொல்லப்போறாளாம். பென்ட்டி பொண்டாட்டிக்கு அதாவது நிம்மதியா இருக்குமாம். வக்கீல் கெஞ்சறாரு, கேக்க மாட்டேங்கறா.

அவ அப்பா போனப்ப அவளுக்கு ஆறு வயசு. தாய்மாமன் நீதான் சைக்கிள் கத்துக்குடுத்த, கார் கத்துக்குடுத்த. உன் பேச்ச அவ வேதம் மாதிரி எடுத்துக்கறவ. அதனாலதான் இப்ப தன் கால நம்ப மாட்டேங்கறா. எழுதுடா. என்னன்னு எழுது. இல்லேன்னா சனிக்கிழமை நானே தௌனோ வீட்டுக்குப் போய் வண்டியப் பாக்கறேன்.

ரைலி


உமேயோ
6 நவம்பர்

அக்கா,

பென்ட்டி செய்தி படிச்சேன்.

தௌனோகிட்டப் போகாத. அவன் ஒரு வாயாடி. உனக்கு அங்க பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, எஞ்சினப் பிரிச்சா உனக்குப் புரியவும் புரியாது. வக்கீலுக்கு ஆகற செலவ நான் அனுப்பறேன், எவ்வளவானாலும் சரி. விர்பிய அப்படிச் சொல்ல விடாத. கால் வழுக்கிடுச்சுன்னு சொல்லட்டும். நான் சொன்னேன்னு சொல்லு, கேப்பா.

இங்க லீவு தர மாட்டேங்கறாங்க. நேத்து ரெண்டு கதவத் தலைகீழா மாட்டிட்டேன்.

ஓலவி


கோய்வுலா
10 நவம்பர்

ஓலவி,

நீ போகாதன்னு எழுதின கடுதாசி திங்கக்கிழமைதான் வந்துச்சு. நான் சனிக்கிழமையே போயிட்டேன்.

தௌனோ என்னப் பாத்ததும் தொப்பியக் கழட்டினாரு. நல்ல மனுஷன்டா. காபி குடுத்தாரு, ஏலக்காய் ரொட்டி குடுத்தாரு, பேச வேண்டியதப் பேசாம வானிலையப் பத்தி அரை மணி நேரம் பேசினாரு. அப்புறம் கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போனாரு. நம்ம வண்டி பானட் இல்லாம நிக்குது, எஞ்சின் தனியாத் தொங்குது.

"ஓலவி வண்டிய ஏன் அஞ்சு பேர் கேட்டோம்னு நினைக்கறீங்க?"ன்னாரு. "அது நேர்ப் பாதையில மட்டும் அப்படிப் பிச்சுக்கிட்டுப் போகும். எங்க வண்டியும் அதே பழைய ரஷ்ய வண்டிதான், அதே எஞ்சின்தான். என்னமோ வித்தை பண்ணி வச்சிருக்கான்னு தெரியும், என்னன்னுதான் தெரியல. வாங்கிப் பிரிச்சுப் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சேன். இங்க பாருங்க அக்கா."

கரி பிடிச்ச குழாய் ஒண்ண எடுத்து என் கண்ணு முன்னால நீட்டினாரு. சூடு காத்துக் குழாய்தான் இதுன்னாரு. வெளியிலேர்ந்து பாத்தா முழுசா இருக்கு. உள்ள எட்டிப் பாத்தா நடுவுல வட்டமா ஒரு தகரம். கத்திரியில வெட்டி, விளிம்ப மடிச்சு, ஓரத்துல பசை தடவி இறுக்கி அடைச்சிருக்கு.

"லீவரு குளிர்காலத்துல நிக்குது, ஆனா சூடு காத்து துளிக்கூட வராது. எல்லாம் ஹெட்லைட் ஓட்டையிலேர்ந்து வர்ற ஐஸ் காத்துதான். கில்லாடிப் பய, லீவரப் பாத்தா எவனுக்கும் சந்தேகமே வராது"ன்னு தௌனோ பாராட்டறாரு.

நான் தகரத்தப் பாத்துக்கிட்டே நின்னேன். நீல வண்ணம், ஓரத்துல பாதி கப்பல் படம். நம்ம வீட்டுக் காபி டப்பா மூடி, ஓலவி. செப்டம்பர்ல நான் வீடெல்லாம் தேடினேன், நீயும் கூட நின்னு தேடின.

தௌனோவுக்கு மெதுவாத்தான் புரிஞ்சுது. என் மூஞ்சியப் பாத்தாரு, குழாயப் பாத்தாரு. "அன்னைக்குப் பனிமூட்டம் இல்ல?"ன்னாரு. சிரிப்பெல்லாம் போயிடுச்சு. சட்டைக் கையால வாயத் துடைச்சுக்கிட்டு அங்க கிடந்த டயர் மேல உக்காந்துட்டாரு.

குழாய் அவர்கிட்டத்தான் இருக்கு, தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்காரு. போலீஸ்ல காட்டினா, "இத நீங்க அப்புறமா வச்சிருக்கலாமே"ங்கறாங்க. அங்கேயே நின்னு சண்டை போட்டேன், வெளிய அனுப்பிட்டாங்க. வச்சவன் சொன்னாத்தான் நம்புவாங்க. எப்ப வச்ச, ஏன் வச்ச, அது என்ன செய்யும், எல்லாத்தையும் எழுது. எனக்கு வேண்டாம், எனக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு. அவளுக்கு எழுது.

உன் காலப் பிடிச்சுக் கேக்கறேன்டா. பதினஞ்சு நாள்தான் இருக்கு.

ரைலி


உமேயோ
15 நவம்பர்

அக்கா,

உன் கடுதாசி வந்து ரெண்டு நாளாச்சு. எழுதிக் கிழிச்சு எழுதிக் கிழிச்சு இது ஏழாவது.

நான்தான் அடைச்சேன். செப்டம்பர் பன்னிரண்டாந்தேதி, நீ தேவாலயத்துக்குப் போயிருந்தப்ப. லீவரக் கோடையில வச்சிருந்தாலும் அந்தச் சூடு காத்துக் குழாய் முழுசா மூடாது, கொஞ்சம் சூடு காத்து கசிஞ்சு வரும். அதையும் நிறுத்தினா நேர்ப் பாதையில ரெண்டு வண்டி நீளம் முந்தலாம். முந்தினோம். அந்த மாசம் அவ ரெண்டாவது வந்தா, நீயும்தான் கை தட்டின.

ஏன் ஒளிச்சு வச்சேன்னு கேப்ப. வண்டிய எவன் கேட்டாலும் குடுக்கணும்ல. வித்தை வெளிய தெரிஞ்சா மறு பந்தயத்துலயே எல்லாரும் வண்டியக் கேப்பாங்க. அதனால இங்க எவனும் தான் என்ன செஞ்சான்னு சொந்தப் பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்ல மாட்டான். ஓட்டறவளுக்கும் சொல்ல மாட்டான், அவ சிநேகிதிகிட்ட உளறிடுவாளேன்னு. லீவரக் குளிர்காலத்துல திருப்பி வச்சேன், பாக்கறவன் ஏமாறட்டும்னு. ஏமாந்தது நம்ம பொண்ணு.

அது என்ன செய்யும்னு எழுதறேன், ஜட்ஜுக்குப் புரியற மாதிரி. கார்புரேட்டர்ல பெட்ரோல் ஆவியாகறப்ப சுத்தி இருக்கற சூட்ட இழுத்துக்கும். உள்ள வெளியில விட இருபது டிகிரி கீழ போயிடும். மைனஸ் இருபதுல பயம் இல்ல, அந்தக் காத்துல ஈரமே இருக்காது. பூஜ்யத்துக்கு ரெண்டு டிகிரி மேல, பனிமூட்டம் இருந்தாத்தான் ஆபத்து. ஈரம் உள்ள போய் ஐஸாகி, ஆக்ஸிலேட்டரோட திறந்து மூடி காத்த விடற தட்டச் சுத்திப் பிடிச்சுக்கும். அன்னைக்குப் பூஜ்யத்துக்கு ரெண்டு டிகிரி மேல. பனிமூட்டம். தட்டு திறந்தபடியே மாட்டிக்கிச்சு. கால எடுத்தாலும் எஞ்சின் அடங்காது. வண்டி நின்ன பத்து நிமிஷத்துல எஞ்சின் சூட்டுல ஐஸ் கரைஞ்சு தண்ணியாகி ஆவியாயிடும். அப்புறம் போலீஸ் என்ன, கடவுளே வந்து பாத்தாலும் ஒண்ணும் இருக்காது.

விர்பி கால எடுத்தா. எனக்கு நிச்சயமாத் தெரியும். அவ வண்டி பின்னாடி பிரேக் விளக்கு எரிஞ்சத நான் பாத்தேன், ஆக்ஸிலேட்டர்லேர்ந்து எடுத்த கால்தான் பிரேக்குக்குப் போகும்.

இன்னும் ரெண்டு இருக்கு, அதயும் எழுதிடறேன். பந்தயத்தன்னைக்குக் காலையில அவ எங்கிட்ட வந்தா. "மாமா, போன வாரம் பயிற்சியில பெட்ரோல் சீக்கிரம் தீந்துடுச்சு. சூடு காத்து வருதா?"ன்னா. எவ்வளவு புத்திசாலிப் பொண்ணு பாரு. குளிர்ல சூடு காத்து இல்லேன்னா பெட்ரோல் ஆவியாகாது, ஈரமாவே உள்ள போய்ப் பாதி வீணாகும், மெதுவாப் போறப்ப வண்டி குடிச்சுத் தள்ளும். பாயறப்பத்தான் லாபம். இத அவளா கண்டுபிடிச்சிருக்கா. நான் லீவரக் காட்டி, "கண்ணு தெரியலையா? குளிர்காலம்னு நிக்குது பாரு. போய் வேலையப் பாரு"ன்னேன்.

அப்புறம் தொடக்கக் கோட்டுல. முந்தின ஓட்டத்துல ஒரு வண்டி கவுந்து கிடந்துச்சு, அதத் தூக்கற வரைக்கும் எல்லாரும் எஞ்சின ஓட விட்டுப் பத்து நிமிஷம் நின்னாங்க. நம்ம எஞ்சின் திணற ஆரம்பிச்சுது. ஒரு மாதிரி இருமிச்சு. எனக்குக் கேட்டுச்சு, அக்கா. ஐஸ் கட்டுதுன்னு எனக்கு அந்த நிமிஷமே தெரியும். இருபது அடி தள்ளி நின்னேன். ஓடிப்போய் எஞ்சின நிறுத்துன்னு சொல்லியிருந்தா முடிஞ்சுபோச்சு. ஆனா பானட்டத் திறக்கணும். திறந்தா நாலு பேர் எட்டிப் பாப்பாங்க. கடைசி ஓட்டம்தானே, ஆறு சுத்துதானே, தாங்கிடும்னு நினைச்சேன். கைய பாக்கெட்ல விட்டுக்கிட்டு நின்னேன்.

பென்ட்டியக் கொன்னது நான். எழுதிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலக் கப்பல்ல வரேன். நேரா போலீஸ் ஸ்டேஷன் போலாம். நீ துறைமுகத்துக்கு வா, தனியா நடக்கக் கால் வராது எனக்கு.

ஓலவி


கோய்வுலா
22 நவம்பர்

ஓலவி,

வெள்ளிக்கிழமை வாசா துறைமுகத்துல நின்னேன். ஒவ்வொருத்தரா இறங்கினாங்க. கடைசியா ஒரு கிழவர் நாயோட இறங்கினாரு, அப்புறம் ஏணிய எடுத்துட்டாங்க. அடுத்த கப்பல்ல வருவன்னு சனிக்கிழமையும் போனேன். ஆறு மணி நேரம் அந்தக் குளிர்ல நின்னேன். நீ வரல.

வருவன்னு நினைச்சதுனால விர்பிகிட்ட உன் கடுதாசியக் காட்டாம வச்சிருந்தேன். நீயே நேர்ல சொல்லணும்னு. ஞாயித்துக்கிழமை காலையில அவ நாற்காலியில உக்காந்து கால அழுத்திக்கிட்டு இருந்தா. இனிமே உனக்காகக் காத்திருந்தா என் பொண்ணு போயிடுவான்னு தோணுச்சு. எடுத்துக் குடுத்துட்டேன்.

ரெண்டு தடவை படிச்சா. பிரேக் விளக்கு எரிஞ்சத நீ பாத்தேன்னு எழுதின இடத்துல விரல வச்சுக்கிட்டே இருந்தா. அப்புறம், "நான் அழுத்தலம்மா"ன்னா. "நான் கால எடுத்தேம்மா. எடுத்தேம்மா"ன்னு அதையே சொல்லிச் சொல்லி அழுதா. அஞ்சு வாரமா ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவ, பெத்த வயித்துல மூஞ்சியப் புதைச்சுக்கிட்டு அப்படி அழுதா. நானும் அழுதேன். அப்புறம் ஒரு தட்டு உருளைக்கிழங்கும் பன்னிக்கறிக் குழம்பும் வச்சேன், தின்னா. இன்னொரு தட்டு கேட்டா.

சாப்பிட்டு முடிச்சதும் கடுதாசிய மடிச்சு எங்கிட்ட நீட்டினா. "அடுப்புல போட்டுடும்மா"ங்கறா. "எனக்குத் தெரிஞ்சா போதும். கால் வழுக்கிடுச்சுன்னு சொல்லிக்கறேன். இதக் குடுத்தா மாமாவப் பிடிச்சு உள்ள போட்டுடுவாங்க. மாமாவுக்கு நாம ரெண்டு பேரும்தான் இருக்கோம்."

நீ பொய் சொன்னது அவளுக்குத் தெரியும். இருபது அடியில கைகட்டி நின்னதும் தெரியும். அப்பவும் உன்னத்தான் காப்பாத்தப் பாக்கறா. அடப்பாவி, நீ கப்பல் ஏறக்கூட மாட்ட, அவ உனக்காகப் பத்து வருஷம் உள்ள இருக்கத் தயார்ங்கறா.

சரின்னு சொல்லிக் கடுதாசிய வாங்கிக்கிட்டேன். அடுப்புல வேற காகிதத்தப் போட்டேன். அவ பாத்துட்டுத் தூங்கப் போனா. பெத்த பொண்ணுகிட்ட நானும் பொய் சொல்லக் கத்துக்கிட்டேன், ஓலவி.

இன்னைக்குக் காலையில தௌனோ தன் வண்டியில என்னக் கூட்டிட்டுப் போனாரு. மடியில குழாய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். போலீஸ் ஸ்டேஷன்ல அன்னைக்கு என்ன வெளிய அனுப்பின அதே ஆள்தான். உன் கடுதாசியப் படிச்சாரு, எழுந்து கதவச் சாத்தினாரு, உள்ள போய் இன்னொருத்தரக் கூட்டிட்டு வந்தாரு. அப்புறம் உன் கையெழுத்துதானான்னு கேட்டாங்க. நீ பள்ளிக்கூடத்துல முதல் எழுத்து எழுதினப்ப கையப் பிடிச்சு எழுத வச்சவ நான்தான்னு சொன்னேன்.

உன்னக் கையோட கூட்டிட்டு வந்து நிறுத்தணும்னு ஆசைப்பட்டேன். தம்பி தானா வந்து சொன்னான்னு ஊருக்குச் சொல்லணும்னு ஆசைப்பட்டேன். நீ அதுக்கும் வழி வைக்கல. இது உன் கைக்குக் கிடைக்கறப்ப போலீஸ்காரங்களும் வந்திருப்பாங்க. ஓடாத. ஓடினா எங்க போவ? உன்ன இங்க கொண்டு வந்ததும் ரெண்டு சட்டையும் கம்பளிக் காலுறையும் எடுத்துட்டு வந்து பாக்கறேன். பேசுவேனான்னு தெரியல, ஆனா வருவேன்.

ஸ்வீடன்ல எங்க இருக்கான், விலாசம் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உனக்கு ரெண்டு மாசம் கிடைச்சிருக்கும். பேனாவ வாங்கி, தெரு பேரு, விடுதி நம்பர், அறை நம்பர் எல்லாத்தையும் நானே எழுதிக் குடுத்தேன்.

ரைலி